நெருப்புக் காவல்காரரின் உலை

மலேசியாவின் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் அர்ச்சுனன் பார்க்கும் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அடுத்தவர் வெல்டிங் செய்யும்போது பக்கத்தில் நிற்பது. அதற்கு ஃபயர் வாட்சர் என்று பெயர். சுற்றிலும் ரசாயனத் தொட்டிகளும் எண்ணெய்க் குழாய்களும் நிற்கிற இடத்தில் ஒரு பொறி தவறி விழுந்தால் போதும், அவ்வளவுதான். அதனால் யார் எங்கே இரும்பை ஒட்டினாலும், அறுத்தாலும், தீயணைப்பானை வைத்துக்கொண்டு ஒருவர் அங்கே நிற்க வேண்டும். ஒவ்வொரு பொறியும் எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். வேலை முடிந்து வெல்டர் தே தாரேக் குடிக்கப் போன பிறகும் அரை மணி நேரம் நிற்க வேண்டும். உட்காரக் கூடாது, கைப்பேசியைத் தொடக் கூடாது.

அர்ச்சுனன் பதினாறு வருடமாக நிற்கிறார். அவர் நின்ற இடத்தில் ஒருநாளும் தீப்பிடித்ததில்லை. அவர் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காக யாரும் யாரையும் கூப்பிட்டுப் பாராட்டியதில்லை.

போன மார்ச்சில் கோலாலம்பூர் அலுவலகத்திலிருந்து நாலைந்து பேர் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு பார்வையிட வந்தார்கள். அவர்களில் ஒருவர் அர்ச்சுனனைக் காட்டி, இவர் என்ன செய்கிறார் என்று கேட்டார். சூப்பர்வைசர் மனோகரன் அர்ச்சுனன் வயதுக்காரர். எட்டு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறவர். அவர் சொன்னார்: "இவரா? சும்மா நிக்கிறதுக்குச் சம்பளம் வாங்கறவரு."

எல்லாரும் சிரித்தார்கள். அர்ச்சுனனும் சிரித்தார். மாசாயில் இருக்கும் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிற வழியில்தான் அவருக்கு எரிச்சல் ஏறியது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அது கொஞ்சம் கூடியது.

அந்த வாரமே அவர் யூடியூபில் ஒரு ஆளைக் கண்டுபிடித்தார். பெரிய தாடி, பேச்சே கிடையாது. லாரியின் பழைய பிரேக் டிரம்மில் கரியைப் போட்டுப் பற்றவைத்து, அடியில் காற்று விட்டு, இரும்புக் கம்பியைக் காய்ச்சி, நாலு அடி அடித்து ஒரு கொக்கி செய்தான். ஒரு வார இறுதியில் யார் வேண்டுமானாலும் இந்த உலையைச் செய்துவிடலாம் என்று கீழே எழுதியிருந்தது.

அர்ச்சுனனுக்குப் பதினான்கு வாரம் பிடித்தது.

அவர் மனைவி யோகேஸ்வரி மாசாயில் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் இருப்பவர். நாள் முழுவதும் பல்வலிக்காரர்களின் முனகலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவருக்குப் பெரிய ஆசைகள் இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் அர்ச்சுனன் அவரிடம் சொன்னார்.

"உலை ஒண்ணு வைக்கப் போறேன்."

"நான் ஏற்கெனவே சோத்துக்குத் தண்ணி வச்சிட்டேங்க."

"அந்த உலை இல்ல. இரும்பு காய்ச்சற உலை."

"இரும்பைக் காய்ச்சி?"

"அடிக்கணும்."

"அடிச்சு?"

"கொக்கி ஒண்ணு செஞ்சு பாக்கணும், அவ்வளவுதான்" என்றார் அர்ச்சுனன்.

"இங்க இத்தனை கடை இருக்கு. எந்தக் கடையில கொக்கி விக்கல?" என்று கேட்டுவிட்டு யோகேஸ்வரி உள்ளே போனார்.

பிரேக் டிரம் சுலபமாகக் கிடைத்தது. பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஆ கியோங் ஒரு குவியலைக் காட்டி, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். ஃபோர்க்லிஃப்டின் உடைந்த முள் ஒன்றும் கிடைத்தது. இரும்பை மேலே வைத்து அடிக்க அது பட்டறைக்கல்லாக உதவும். தகராறு குழாயில் வந்தது. டிரம்முக்கு அடியில் காற்று வர ஒரு குழாய் வேண்டும். ஆ கியோங் வெள்ளையாகப் பளபளக்கும் துத்தநாகப் பூச்சுக் குழாயை நீட்டினார்.

"இது வேணாம். கறுப்புக் குழாய் குடு" என்றார் அர்ச்சுனன் மலாயில்.

"ரெண்டும் ஒண்ணுதான், அண்ணே."

"ஒண்ணு இல்ல. இதச் சூடாக்கினா பூச்சு புகையும். அந்தப் புகையை இழுத்தா ராத்திரி காய்ச்சல்ல நடுங்கணும். என் கண் முன்னால ரெண்டு வெல்டர் நடுங்கியிருக்காங்க."

"நான் முப்பது வருசமா இரும்பு விக்கிறேன். நடுங்கலையே."

"நீ விக்கிறே. எரிக்கலையே, பாஸ்."

முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று, குவியலுக்கு அடியிலிருந்து துருப்பிடித்த கறுப்புக் குழாயை அர்ச்சுனனே தோண்டி எடுத்தார். ஆபத்து எங்கிருந்து வரும் என்பது அவருக்கு அத்துப்படி. நெருப்பு எப்படி வரும் என்பதுதான் தெரியாது. அது தெரியாதென்பதும் அப்போது அவருக்குத் தெரியவில்லை.

அடுத்தது நிலக்கரி. ஹார்ட்வேர் கடையில் கேட்டால் பார்பெக்யூ கரி மூட்டையைக் காட்டினார்கள். மளிகைக் கடையில் சாம்பிராணி போடும் கரி வில்லையைக் கொடுத்தார்கள். மற்றொரு கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்து, "ரயில் ஓட்டப் போறீங்களா?" என்றார். கடைசியில் ஆன்லைனில் 'உயர்தரக் கரி, கறுப்பு, ஐந்து கிலோ' என்று போட்டிருந்ததை ஆர்டர் செய்தார். மூன்று நாளில் வந்தது. மிளகு மாதிரி பொடிப்பொடியாக இருந்தது. விற்றவருக்கு மெசேஜ் அனுப்பினார்.

'இது நிலக்கரிதானே?'

'கரிதான் பாஸ். மீனுக்கு ரொம்ப நல்லது.'

மீன் தொட்டியில் தண்ணீரை வடிகட்டும் கரி அது. வீட்டில் மீனும் கிடையாது, தொட்டியும் கிடையாது. யோகேஸ்வரி அதை எடுத்துச் செருப்பு அலமாரியில் வாடைக்கு வைத்தார். "இதுவரைக்கும் நீங்க வாங்கினதுல இது ஒண்ணுதான் வேலை செய்யுது" என்றார்.

உண்மையான நிலக்கரி பேராக் மாநிலத்திலிருந்து வேறொரு விற்பனையாளர் மூலம் வந்து சேர்வதற்குள் மே மாதம் பிறந்துவிட்டது.

முதன்முதலாகப் பற்றவைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டின் பின்புறம். அது சிமெண்டு போட்ட சிறு முற்றம். அதற்கு அப்பால் வரிசை வீடுகளின் பின்சந்து. அர்ச்சுனன் வேலையிடத்தில் செய்வது போலவே எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். இரண்டு தீயணைப்பான், ஒரு வாளி மணல், தண்ணீர்க் குழாய், நனைத்த சாக்கு, எரியாத துணிப் போர்வை. டிரம்முக்குள் களிமண் பூசி, ஒரு வாரம் காயவிட்டு, குழி மாதிரி அமைத்திருந்தார். அணைப்பதற்கு இத்தனை சாமான். பற்றவைப்பதற்கு ஒரே ஒரு லைட்டர்.

நிலக்கரி பற்றவில்லை. காகிதம் எரிந்தது. குச்சி எரிந்தது. அவர் புருவம் கொஞ்சம் எரிந்தது. கரி மட்டும் அப்படியே குளிர்ந்து கிடந்தது.

"பதினாறு வருசமா நெருப்பு பத்தாமப் பாத்துக்கிட்டீங்க. அதுக்குப் பழகிப்போச்சு" என்றார் யோகேஸ்வரி சமையலறை ஜன்னலிலிருந்து.

பிறகு அடியில் அடுப்புக்கரியைப் போட்டுக் கனலாக்கி, மேலே நிலக்கரியைப் போட்டார். காற்றுக்கு யோகேஸ்வரியின் ஹேர் டிரையரைக் குழாயில் சொருகினார். பற்றிக்கொண்டது. கூடவே புகையும் வந்தது. மஞ்சளும் பழுப்புமாக, எண்ணெய் மணத்தோடு, கனத்த புகை. அது மேலே போகவில்லை. மதில் ஏறி, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகள்மேல் நிதானமாகப் படுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு ரொஹானி பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச்சாலை நடத்தி ஓய்வு பெற்றவர். மலாய் வழக்கப்படி அர்ச்சுனனுக்கு அவர் காக், அதாவது அக்கா; அவருக்கு அர்ச்சுனன் அபாங், அண்ணன். கொடியில் இருந்தவை அவருடைய வெள்ளைத் தொழுகை உடைகள். அவர் வெளியே வந்தார். துணியைப் பார்த்தார். மதிலுக்கு இந்தப் பக்கம் பார்த்தார்.

"யா அல்லா, அபாங்! வீடு எரியுதா?"

"இல்ல காக். இரும்பு."

"இரும்பு எரியுதா?"

"இல்ல, இரும்ப இன்னும் வைக்கவே இல்ல."

இந்தப் பதில் ரொஹானிக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. அன்று மாலை அந்த ஏழு உடைகளையும் யோகேஸ்வரி வாங்கிவந்து கையாலேயே இருமுறை துவைத்தார். அர்ச்சுனன் பிழிவதற்கு உதவப் போனார். "தள்ளுங்க" என்ற ஒரே சொல்தான் வந்தது. நடுவில் ஹேர் டிரையரின் முனையும் உருகி வளைந்துபோய்விட்டதை அர்ச்சுனன் அதுவரை சொல்லவில்லை. சொல்ல நல்ல நேரம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

மறுநாள் யோகேஸ்வரி சட்டம் போட்டார். "உங்க கம்பெனில நெருப்பு பத்தவைக்கணும்னா என்ன செய்வாங்க?"

"பெர்மிட் எடுக்கணும். மூணு கையெழுத்து."

"அதேதான் இங்கயும். நான் ஒண்ணு, காக் ரொஹானி ஒண்ணு, எதிர்வீட்டுக் காளியப்பன் அண்ணன் ஒண்ணு. இல்லேன்னா தீப்பெட்டியத் தொடக் கூடாது."

அவர் கேலியாகச் சொன்னார். அர்ச்சுனன் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனியின் நிஜமான பெர்மிட் படிவம் ஒன்றைப் பிரதியெடுத்து வந்து, இடம், நேரம், காற்றின் திசை, அருகிலுள்ள எரியும் பொருட்கள் என்று எல்லாக் கட்டத்தையும் நிரப்பினார். எரியும் பொருட்கள் என்ற இடத்தில் 'காக் ரொஹானியின் துணிகள்' என்று எழுதினார். ரொஹானி மூக்குக்கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை மட்டும், முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனையை அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காளியப்பன் படிக்காமலே போட்டார்.

ஒரு கட்டம் காலியாக இருந்தது. நெருப்புக் காவல் யார்?

"நீங்கதானே?" என்றார் யோகேஸ்வரி.

"வேலை செய்றவனே காவல் நிக்கக் கூடாது. ரூல்ஸ்."

"அலமாக்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு யோகேஸ்வரி அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதினார்.

அடுத்த ஞாயிறு அவர் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார். நாற்காலி கேட்டார், கூடாது என்றார் அர்ச்சுனன். கைப்பேசியை எடுத்தார், அதுவும் கூடாது. நெருப்பை அணைத்த பிறகு உள்ளே போகத் திரும்பியவரிடம், இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்றார். யோகேஸ்வரிக்கு முதுகு வலித்தது, கண் எரிந்தது, காதுக்குள் வியர்த்தது. குளித்துவிட்டு வந்து சோபாவில் விழுந்தார்.

"தினமும் இப்படித்தான் நிக்கிறீங்களா?"

"ம்."

"உங்களச் சும்மா நிக்கிறவருன்னு சொன்ன அந்த மனோகரன அடுத்த கல்யாண வீட்டுல பாத்தா நான் பேச மாட்டேன்" என்றார்.

ஆனால் உலை இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. ஹேர் டிரையருக்குப் பதில் காற்று மெத்தை ஊதும் பம்பைப் பொருத்தினார். அது கனலையே தூக்கி வெளியே வீசியது. குழாயில் ஓட்டை போட்டு, மில்க் டின் மூடியைத் தட்டி மாட்டி, காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தார். கரியில் உள்ள கசடு உருகி, அடியில் கண்ணாடி மாதிரி உறைந்து, காற்று வரும் ஓட்டைகளை அடைத்தது. தாடிக்காரன் வீடியோவில் கசடைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வார இறுதி முழுவதும் அதைச் சுரண்டுவதிலேயே போனது.

எல்லாம் சரியாகி, நெருப்பு நின்று எரிந்த நாளில் வேறொரு வினை வந்தது. கட்டுமானக் கம்பி ஒன்றைக் கனலுக்குள் வைத்தார். காத்திருந்தார். வெளியே எடுத்தார். அது மத்தாப்பு மாதிரி பொறி கக்கியது. கம்பியின் முனை எரிந்து சொட்டிவிட்டது. இரண்டாவது கம்பியைச் சீக்கிரமே எடுத்துவிட்டார். சுத்தியல் திரும்பி எகிறியது, கம்பி வளையவில்லை. மூன்றாவது எரிந்தது. நான்காவது எகிறியது. இப்படியே மூன்று ஞாயிறு. கம்பி நன்றாகச் சிவந்ததும் எடுக்கவும், ஆரஞ்சு நிறம் வந்ததும் அடிக்கவும் என்று எல்லா வீடியோக்களும் சொல்லின. அர்ச்சுனன் திரையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பிறகு கைப்பேசியை மணல் வாளிக்குள் எறிந்தார்.

அடுத்த ஞாயிறு, அடித்து முடித்துக் கல்மேல் வைத்த துண்டு ஆறிவிட்டது என்று நினைத்து வெறும் கையால் எடுத்தார். அது ஆறவில்லை. யோகேஸ்வரி குழாயைத் திறந்து அவர் கையையும் சட்டையையும் பாதி முற்றத்தையும் நனைத்தார்.

டாக்டரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்ததும் யோகேஸ்வரியின் பொறுமை முடிந்தது. "அது செக்கச்செவேல்னு இருந்துச்சுங்க! நான் தள்ளி நின்னே பாத்தேன். கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு?"

அர்ச்சுனன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"எனக்குச் சிவப்பு சரியாத் தெரியாது."

"தெரியுமே. மாம்பழக் கலர்னு சொல்லி எனக்குப் பச்சைச் சேலை எடுத்தவருதானே நீங்க."

"அது இல்ல. கரி மாதிரி, மங்கலா, கறுப்பாத்தான் தெரியும். ரொம்பக் காஞ்சாத்தான் வெளிச்சமே தெரியும். பத்தொன்பது வயசுல ஃபயர் ஸ்டேஷன் வேலைக்குப் போனேன்ல? ஓட்டத்துல, கயிறு ஏறதுல எல்லாம் பாஸ். அப்புறம் ஒரு புத்தகம் காட்டினாங்க. பக்கம் பூரா புள்ளி. உள்ள என்ன நம்பர்னு கேட்டாங்க. எனக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சுச்சு. இன்னொரு பக்கம் திருப்பினாங்க. அதுலயும் புள்ளிதான்."

யோகேஸ்வரி எழுந்து நின்றார். "ஓட்டத்துல தோத்துட்டேன்னுதானே சொன்னீங்க! பதினெட்டு வருசமா அதத்தான் சொல்லிட்டிருக்கீங்க. எங்க அண்ணன் இன்னும் உங்கள ஆமைன்னு கூப்பிடறாரு. நானும் சேந்து சிரிச்சிருக்கேன்."

"ஓட்டத்துல தோத்தா அடுத்த வருசம் ஓடலாம். கண்ணுல தோத்தா என்ன பண்றது? அதான் அப்படிச் சொன்னேன்."

யோகேஸ்வரிக்குக் கோபமாக இருந்தது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக அடுக்கினார். அரை மணி நேரம் கழித்து வந்து, "கை ஆறட்டும். கலர நான் சொல்றேன்" என்றார்.

நல்ல எண்ணம்தான். நடைமுறையில் அது பெரிய தலைவலியாக முடிந்தது.

"சிவப்பு."

"எந்தச் சிவப்பு? செர்ரி சிவப்புன்னு வீடியோல சொல்றான்."

"நான் செர்ரியக் கேக்கு மேலதான் பாத்திருக்கேன். அது பச்சையாக்கூட இருக்கும்."

"அப்ப வேற ஏதாவது சொல்லு, யோகா!"

"செம்பருத்தி. இப்ப செம்பருத்தி. இருங்க... இப்ப பப்பாளி."

"பப்பாளின்னா பழமா, காயா?"

"காய்னா பச்சையா இருக்கும்! பழுத்ததுதான். இல்ல, அதுக்கு மேல போயிடுச்சு. எலுமிச்சை! எலுமிச்சை! எடுங்க!"

எடுப்பதற்குள் மத்தாப்பு.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். செம்பருத்தி என்றால் காத்திருப்பது, பப்பாளி என்றால் எடுத்து அடிப்பது, எலுமிச்சை என்ற வார்த்தைக்கே இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது. அர்ச்சுனன் தன் பங்குக்குப் பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி ஒரு கம்பியில் கட்டிக்கொண்டார். இரும்பு போதுமான அளவு காய்ந்தால் காந்தம் ஒட்டாது என்று எங்கோ படித்திருந்தார். ஒட்டாமல் போனதும் இன்னும் இருபது எண்ணினால் அடிக்கும் பதம். ஆனால் காந்தம் எப்போது தொடங்கலாம் என்றுதான் சொன்னது. எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கு யோகேஸ்வரிதான் வேண்டியிருந்தார்.

ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு முதல் கொக்கி பிறந்தது. எழுத்தாணியால் கிறுக்கிய எஸ் எழுத்து மாதிரி இருந்தது. ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. அர்ச்சுனன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யோகேஸ்வரி அதில் கரண்டியை மாட்டினார். கரண்டி நழுவிக் கீழே விழுந்தது.

"வளைவு பத்தல" என்றார் அர்ச்சுனன்.

"இன்னைக்கு இது போதும். எனக்குப் பசிக்குது."

இரண்டே வாரத்தில் நகராண்மைக் கழகத்து அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். குடியிருப்புப் பகுதியில் நிலக்கரி எரிப்பதாகப் புகார் வந்திருக்கிறது, நிறுத்திவிட வேண்டும் என்றார். அர்ச்சுனன் கையெழுத்துப் போட்ட பெர்மிட் தாள்களை எடுத்து நீட்டினார். அதிகாரி ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார். தன் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்கான புகாருக்குரிய நபரைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, ஆனாலும் நிறுத்த வேண்டும் என்றார்.

புகார் கொடுத்தது யார் என்று தெரியவில்லை. தாமானின், அதாவது அந்தக் குடியிருப்பின், வாட்ஸ்அப் குழுவில் அன்று மாலை எல்லாரும் வருத்தமான முகங்களைப் போட்டார்கள். அர்ச்சுனன் ஒவ்வொரு முகத்தையும் சந்தேகத்தோடு பார்த்தார். மதில் மேலாக எட்டி, "காக், நீங்களா?" என்று ரொஹானியைக் கேட்டேவிட்டார்.

ரொஹானிக்கு முகம் சிவந்துவிட்டது. அர்ச்சுனனுக்கு அது தெரியவில்லை. யோகேஸ்வரிக்குத் தெரிந்தது.

"புகார் குடுக்கணும்னா முதல் நாளே குடுத்திருப்பேன்! வாராவாரம் ஏன் கையெழுத்துப் போடறேன்? ஏழு துணியில அஞ்சு இன்னும் பழுப்பாத்தான் இருக்கு, அதையும் சொல்லல" என்று பொரிந்து தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். யோகேஸ்வரி கணவனைப் பார்த்த பார்வையில் இரும்பைக் காய்ச்சியிருக்கலாம்.

மன்னிப்புக் கேட்க இரண்டு பேரும் மாலையில் போனார்கள். ரொஹானி கோபம் தணியாமலே தேநீர் கொடுத்தார், கோபம் தணியாமலே வழியும் சொன்னார். கோங் கோங்கில், ஆற்று முகத்துவாரத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், அவர் தம்பி சுல்கிஃப்லிக்குப் படகும் தகரக் கொட்டகையும் இருக்கிறது. பக்கத்தில் வீடு இல்லை. புகை கடலுக்குப் போகும். "ஆனா என் தம்பி வாயாடி. அத நீங்கதான் சமாளிக்கணும்" என்றார்.

பிரேக் டிரம்மையும், அதைத் தாங்கும் இரும்புக் கால்களையும், குழாயையும், ஃபோர்க்லிஃப்ட் முள்ளையும் காளியப்பனின் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முள் ஏறும்போது வேனின் பின்கதவு நசுங்கியது. காளியப்பன் பெருந்தன்மையாகப் பரவாயில்லை என்றார். பிறகு வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினார்.

ரொஹானி சொன்னது உண்மைதான். சுல்கிஃப்லி வாய் மூடவில்லை. கரியை இப்படிப் போடு, காற்றை அப்படி விடு, என் மாமா இப்படித்தான் செய்வார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மாமா பேக்கரி வைத்திருந்தவர் என்பது மூன்றாவது வாரம்தான் தெரிந்தது. ஆனால் கொட்டகை நன்றாக இருந்தது. தகரத்தின் நிழலில் கனல் தெளிவாகத் தெரிந்தது. அர்ச்சுனனுக்கே வெளிச்சத்தின் கூடுதலும் குறைச்சலும் கொஞ்சம் பிடிபட்டது.

ஒரு ஞாயிறு சுல்கிஃப்லி தன் படகின் நங்கூரத்தைத் தூக்கிவந்து போட்டார். கட்டுமானக் கம்பியில் செய்த நாலு கை நங்கூரம். பாறையில் மாட்டி இழுத்ததில் நாலு கைகளும் நிமிர்ந்து, மழைக்காற்றில் திரும்பிக்கொண்ட குடை மாதிரி இருந்தது.

"இத வளைச்சுக் குடு. வெல்டர்கிட்டப் போனா வரிசையில நிக்கணும்."

அர்ச்சுனன் யோசித்தார். அது பெரிய துண்டு. ஒரு கையைக் காய்ச்சும்போது மற்ற மூன்றும் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஆளால் பிடித்துக்கொண்டு அடிக்க முடியாது. முதல் கையைக் காய்ச்சி எடுத்தார். யோகேஸ்வரி பப்பாளி என்றார். அர்ச்சுனன் இடது கையால் நங்கூரத்தைப் பிடித்து, வலது கையால் அடித்தார். அது உருண்டது. மறுபடி காய்ச்சினார். மறுபடி உருண்டது. சுல்கிஃப்லி தன் மாமாவைப் பற்றித் தொடங்கினார். மூன்றாவது முறை அடி தவறி, வளைய வேண்டிய கை பக்கவாட்டில் கோணிக்கொண்டு போனது.

யோகேஸ்வரி தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். "போதும்! நீங்க பிடிச்சுக்குங்க. சுத்தியல இப்படிக் குடுங்க."

"உனக்குப் பழக்கமில்ல, யோகா."

"உங்களுக்கு மட்டும் பழக்கமா? மூணு மாசமா நீங்க அடிக்கிறதப் பாத்துப் பாத்து எனக்குக் கையெல்லாம் நமநமங்குது. கலரு தெரியுறது எனக்கு. நான் சொல்லி, நீங்க கேட்டு, நீங்க அடிக்கிறதுக்குள்ள அது ஆறிப்போகுது. பிடிங்க!"

சுல்கிஃப்லி முதல்தடவையாக வாய் மூடினார். காவல் யார் நிற்பது என்று அர்ச்சுனன் கேட்டார். யோகேஸ்வரி சுல்கிஃப்லியிடம் குழாயைக் கொடுத்தார்.

அர்ச்சுனன் இரண்டு கையாலும் நங்கூரத்தைக் கனலில் பிடித்துக்கொண்டார். யோகேஸ்வரி குனிந்து பார்த்தபடி, யாருக்கும் சொல்லாமல் மனசுக்குள் நிறத்தை எண்ணினார். "இப்ப" என்றார். அர்ச்சுனன் எடுத்துக் கல்லின் விளிம்பில் வைத்தார். முதல் அடி கல்மேல் விழுந்து நங்கென்றது. இரண்டாவது அடி சரியான இடத்தில் விழுந்தது. இரும்பு வளைந்தது. கெட்டியான சப்பாத்தி மாவு கைக்கு இணங்குகிற மாதிரிதான் இருந்தது என்று யோகேஸ்வரி பிறகு சொன்னார். நாலாவது அடியில் கொக்கி வந்துவிட்டது. அர்ச்சுனன் நிமிர்ந்து பார்த்தார். அவர் மனைவியின் நெற்றியில் கரி, மூக்கில் வியர்வை, கண்ணில் கிளினிக்கில் ஒருபோதும் இல்லாத ஒரு தீவிரம்.

"அடுத்தது" என்றார் யோகேஸ்வரி.

"கொஞ்சம் மூச்சு வாங்கிக்க."

"கனல் ஆறிடும். அடுத்தது!"

நாலு கைகளையும் வளைக்க இரண்டு மணி நேரம் ஆனது. இடையில் எட்டு முறை சண்டை போட்டார்கள். அவர் கோணலாகப் பிடிக்கிறார் என்று இவர், இவர் அவசரப்படுகிறார் என்று அவர். கோணிப்போயிருந்த முதல் கை கடைசிவரை கோணலாகவே இருந்தது. அதை நேராக்கப் போனால் ஒடிந்துவிடும் என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

சுல்கிஃப்லி நங்கூரத்தை அன்றே படகில் கட்டி, நீரோட்டத்தில் போட்டுப் பார்த்தார். கயிறு விறைத்தது. படகு நின்றது. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த யோகேஸ்வரி, "பிடிக்குதுங்க" என்றார். அர்ச்சுனன் தலையாட்டினார்.

திங்கட்கிழமை அவர் வழக்கம்போல் ஒரு குழாய்க்குக் கீழே தீயணைப்பானோடு நின்றார். மேலே வெல்டரின் பொறிகள் விழுந்தன. மனோகரன் அந்தப் பக்கமாக வந்தவர், அவர் நகங்களில் ஏறிய கரியையும் கைத்தழும்பையும் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நங்கூரம் அடித்தோம், நானும் என் மனைவியும் என்றார் அர்ச்சுனன். மனோகரன் சிரிக்கலாமா என்று யோசித்தார். அர்ச்சுனன் அவரைப் பார்க்கவே இல்லை, பொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனோகரன் சிரிக்காமல் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு கோங் கோங்குக்குப் போனபோது கொட்டகை வாசலில் மூன்று நங்கூரங்களும், துடுப்பைப் படகில் மாட்டும் வளைந்துபோன கொண்டி ஒன்றும், எதற்கென்றே தெரியாத ஓர் இரும்புச் சாமானும் கிடந்தன. கம்பத்துக்காரர்கள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார் சுல்கிஃப்லி பெருமையாக. கொண்டுவரச் சொன்னதே அவர்தான்.

"யாரக் கேட்டு வாங்கி வச்சீங்க?" என்று அர்ச்சுனன் கத்தினார். "நாங்க ஆரம்ப நிலை! எங்களுக்கு இன்னும் ஒரு கொக்கி ஒழுங்கா வராது. இதெல்லாம் ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது? ஒருநாள் லீவு, அதுல இவ்வளவு வேலையா?"

அவர் கத்தி முடிப்பதற்குள் யோகேஸ்வரி தலைமுடியை உயர்த்திக் கட்டிக்கொண்டு, துடுப்புக் கொண்டியைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "இத முதல்ல பாக்கலாம். சின்னது" என்றார். "கத்துனது போதும், கரியப் போடுங்க."